அடுப்புக்கு மேல் உள்ள கதவில் மட்டும் பெயிண்ட் ஏன் உரிகிறது?

சமையலறை அலமாரிக்குப் புது எனாமல் அடித்த ஆறே மாதத்தில் அடுப்புக்கு மேல் இருக்கும் கதவுகள் மட்டும் தோல் தோலாக உரிகின்றனவே, பெயிண்டில் கலப்படமா? இது அடிக்கடி வரும் கேள்வி. பெரும்பாலும் பெயிண்ட் மீது குற்றமில்லை. அந்தக் கதவில் ஏற்கெனவே வேறொரு பூச்சு காய்ந்து கிடக்கிறது: சமையல் எண்ணெய்.

எனாமலில் டர்பெண்டைன் ஆவியாவது முதல் சில மணி நேரத்து வேலைதான். உண்மையான காய்தல் அதன் பிறகே ஆரம்பம். எனாமலின் பிசினில் ஆளிவிதை, சோயா போன்ற எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. அவற்றின் இரட்டைப் பிணைப்புகளை ஒட்டிக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து சேர்ந்து பெராக்சைடாகிறது. அது உடையும்போது அந்தக் கொழுப்பு அமிலச் சங்கிலி பக்கத்துச் சங்கிலியோடு பிணைந்துகொள்கிறது. இப்படியே தொடர்ந்து பூச்சு முழுவதும் ஒரே வலையாகிவிடுகிறது. காய்ந்த எனாமல் மறுபடி டர்பெண்டைனில் கரையாதது இதனால்தான். இதில் அழகான விஷயம், ஆளிவிதை எண்ணெய் இப்படிக் காயும்போது எடை குறைவதில்லை, கூடுகிறது! உள்ளே போன ஆக்சிஜனின் எடை அது.

அப்பளம் பொரித்த எண்ணெய்ப்புகையும் கதவில் படிந்து இதே வழியில்தான் மஞ்சள் பிசுக்காகிறது, ஆனால் அரைகுறையாக. புதுப் பூச்சு மரத்தைப் பிடிக்காமல் பிசுக்கைப் பிடிக்கிறது. அடுப்புச் சூட்டில் பிசுக்கு இளகினால் பூச்சும் கூடவே வந்துவிடும்.

அதனால் எடுத்ததும் உப்புத்தாள் போடாதீர்கள். பிசுக்கு மரத்துக்குள் இன்னும் ஏறும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, கையுறை போட்டு, துணியில் நனைத்துப் பத்து நிமிடம் ஒற்றி வைத்துத் துடையுங்கள். காரம் பிசுக்கைச் சோப்பாக மாற்றிக் கழற்றிவிடும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைப்பது கட்டாயம். மிச்சமிருக்கும் சோடா புது எனாமலின் எண்ணெயையும் சோப்பாக்கிவிடும். ஒரு நாள் காயட்டும்.

அடுத்து 180 எண் வாட்டர் பேப்பரை நனைத்து, பளபளப்பு போகும்வரை தேய்க்கவும். உலர்வாகத் தேய்த்தால் பழைய பெயிண்டிலுள்ள ஈயம் தூசியாகப் பறக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அது புது டப்பாவுக்கு மட்டுமே. பழைய கதவைச் சுரண்டுகிறவருக்கு யாரும் எச்சரிக்கை சொல்வதில்லை. சொல்லியே ஆகவேண்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் குறிப்பாக.

நன்றாகக் காய்ந்ததும் வுட் பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். சன்மைக்கா கதவென்றால் சாதாரண வுட் பிரைமர் பிடிக்காது. வழவழப்பான பரப்புக்கென்று விற்கும் பிரைமர் வேண்டும். இரண்டடிக்கு ஒன்றரை அடி கதவுகள் எட்டுக்கு, இரு பக்கமும் சேர்த்து, ஒரு லிட்டர் எனாமல் போதும். ஒரே கோட்டில் முடிக்கலாமென்று கெட்டியாக அடித்தால் மேலே ஆடை கட்டி, ஆக்சிஜன் உள்ளே போக வழியில்லாமல், மேல்தோல் சுருங்கிவிடும்.

கதவின் உட்பக்கத்துக்கு வெள்ளை அடிப்பதானால் இந்த எண்ணெய் எனாமல் வேண்டாம். வெளிச்சம் படாத இடத்தில் எண்ணெய்ப் பிசின் மஞ்சளாகும். அங்கே தண்ணீரில் கலக்கும் எனாமலை அடியுங்கள்.