சொல் விளக்கம்: செக்

வங்கியில் எழுதிக் கொடுப்பது செக். நெடுஞ்சாலையில் வண்டியை மறித்துச் சோதிக்கும் இடம் செக்போஸ்ட். கட்டம் போட்ட சட்டைக்கு செக் சட்டை என்று பெயர். ஓடைக்குக் குறுக்கே செக்டேம் கட்டுகிறார்கள். சதுரங்கத்தில் அரசனைத் தாக்கினால் 'செக்' என்கிறோம். "கதவு பூட்டியிருக்கான்னு செக் பண்ணு" என்று வீட்டிலும் அதே சொல். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேர் பாரசீக மொழியில் இருக்கிறது.

பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். இந்தியாவிலிருந்து போன சதுரங்கம் அங்கே 'சத்ரங்' ஆகி, அரபியில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. ஆட்டத்தில் அரசனுக்கு ஆபத்து வந்தால் எதிராளியை எச்சரிக்க 'ஷா' என்று குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் அரபி வழியாக ஐரோப்பா சென்று, இடைக்கால இலத்தீனில் 'ஸ்காக்குஸ்', பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' என்று உருமாறி, ஆங்கிலத்தில் 'செக்' ஆகியது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான் 'செஸ்'. ஆக, செஸ் என்பதன் அடிப்பொருள் 'அரசர்கள்'.

'செக்மேட்' என்பது 'ஷா மாத்'. இதற்கு 'அரசன் இறந்தான்' என்று பொருள் சொல்வது பரவலான வழக்கம். 'மாத்' என்பதை அரபிச் சொல்லாகக் கொண்டால் அப்படித்தான் வரும். பாரசீகச் சொல்லாகக் கொண்டால் 'செய்வதறியாது நின்றான்' என்று பொருள். ஆட்டத்துக்குப் பொருந்துவது இரண்டாவதுதான். சதுரங்கத்தில் அரசனை யாரும் வெட்டுவதில்லை. நகர வழியில்லாமல் நிறுத்திவிடுகிறோம். இந்த நுட்பத்தைத் தமிழில் 'முற்றுகை', 'இறுதி முற்றுகை' என்ற சொற்கள் அழகாகத் தாங்கி நிற்கின்றன.

அரசனுக்கு முற்றுகை வந்தால் ஆட்டக்காரர் தன் விருப்பப்படி காய் நகர்த்த முடியாது. அங்கிருந்து செக் என்பதற்குத் 'தடை' என்ற பொருள் வந்தது. ஓட்டத்தைத் தடுத்து மட்டுப்படுத்தும் சிறிய அணை செக்டேம். தமிழில் 'தடுப்பணை' என்று எல்லோரும் சொல்கிறோம், அதில் குறையேதும் இல்லை. தண்ணீரைப் பின்னால் திரும்ப விடாத செக் வால்வும் இதே பொருளில்தான் பெயர் பெற்றது. அதை 'ஒருவழி வால்வு' என்றால் புரியும். அரசியல் செய்திகளில் வரும் 'எதிரணிக்குச் செக்' என்பதற்கு 'முட்டுக்கட்டை', 'கிடுக்கிப்பிடி', 'கடிவாளம்' என்று இடத்துக்கேற்ற சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. தடுத்து நிறுத்தினால்தானே சோதிக்க முடியும்? தடையிலிருந்து கட்டுப்பாடும், கட்டுப்பாட்டிலிருந்து சரிபார்த்தலும் பிறந்தன. இந்தக் கடைசிப் பொருள் ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வருகிறது.

இன்னொரு கிளை சதுரங்கப் பலகையிலிருந்து வந்தது. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மாவட்ட அதிகாரிகள் கொண்டுவரும் அரசு வருவாயை எண்ண ஒரு பெரிய மேசை இருந்தது. நீளம் சுமார் 10 அடி, அகலம் 5 அடி. அதன்மேல் கோடுகள் போட்ட கறுப்புத் துணியை விரித்து, பத்திக்குப் பத்தி வில்லைகளை வைத்துக் கூட்டிக் கழிப்பார்கள். பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகை போல இருந்ததால் மேசைக்கும், பிறகு அந்த அலுவலகத்துக்கும் 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. அங்கே கருவூலராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170-களில் எழுதத் தொடங்கிய நூலில் இந்த வருணனை இருக்கிறது. பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப்பெயரில் இன்றைக்கும் அந்தச் சொல் உண்டு. தமிழில் அதற்கு நேரானது 'கருவூலம்'.

வங்கிச் செக்குக்கும் இந்த அலுவலகத்துக்கும் உறவு எழுத்தளவில் மட்டுமே. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பண ஆவணத்தில் மோசடி நடக்காமல் ஒத்துப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட அடிக்கட்டையைத்தான் செக் என்றார்கள். பெயர் பிறகு ஆவணத்துக்கே போய்விட்டது. பிரிட்டிஷார் எக்ஸ்செக்கரை நினைத்து எழுத்துக்கூட்டலை மாற்றினார்கள். அமெரிக்கர்கள் பழையபடியே எழுதுகிறார்கள். நமக்குக் 'காசோலை' இருக்கிறது. காசுக்கான ஓலை. 'இவருக்கு இவ்வளவு கொடு' என்று எழுதிய ஆணை என்ற பொருள் 'ஓலை'யில் முழுமையாக அடங்கிவிடுகிறது. தமிழ் வணிகர்கள் முன்பு கையாண்ட 'உண்டியல்' இதற்கு நெருங்கிய உறவு. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் கோயில் உண்டியல்தான் நினைவுக்கு வரும் என்பதால், காசோலையே பொருத்தம்.

துணியின் செக்கும் பலகையிலிருந்து வந்ததே. இதற்குத் தமிழ் தேட வேண்டியதில்லை: 'கட்டம்'. செட்டிநாட்டுக் கண்டாங்கியில் கட்டம், 'பாலும் பழமும்' சேலையில் பொடிக்கட்டம். பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட கைலிக்கு மலாய் மொழியில் இன்றும் 'காயின் பெலிக்கட்' என்று பெயர். 'காயின்' துணி, 'பெலிக்கட்' பழவேற்காடு. இவ்வளவு தூரம் பேர் வாங்கிய துணியைச் 'செக் டிசைன்' என்று கடைக்காரர் சொல்லும்போது மனசு கேட்பதில்லை.

எனக்கு உண்மையான கவலை 'செக் பண்ணு' என்ற வினையில்தான் இருக்கிறது. அதற்கு 'சரிபார்' என்று ஒரே சொல்லைத் தருவது போதாது. கணக்கையும் பட்டியலையும்தான் சரிபார்க்கிறோம். தமிழில் எதை, எந்தப் புலனால், எப்படிச் சோதிக்கிறோம் என்பது வினையிலேயே தெரிந்துவிடும். பொன்னை உரைத்துப் பார்ப்பார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பார்கள். தேங்காயைத் தட்டிப் பார்ப்பார்கள். நெல்லைக் கடித்துப் பார்ப்பார்கள். பாலை மோந்து பார்ப்பார்கள். பாகுக்குப் பதம் பார்ப்பார்கள், நோயாளிக்கு நாடி பார்ப்பார்கள், ஆற்றில் ஆழம் பார்ப்பார்கள். பஸ் உண்டா என்று கேட்டுப் பார்ப்பார்கள். படியை மூலத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள், அச்சுக்கு முன் மெய்ப்பு பார்ப்பார்கள். இத்தனையையும் 'செக் பண்ணு' என்ற ஒன்றில் போட்டு மூடினால், கை என்ன செய்தது, காது என்ன கேட்டது என்பது பேச்சிலிருந்து போய்விடுகிறது. எழுதும்போது ஒரு முறை நின்று, இங்கே செக் என்பது எந்தப் 'பார்' என்று கேட்டுக்கொண்டாலே பாதி வேலை முடியும். தயக்கமாக இருந்தால் வெறும் 'பார்' போதும். "கதவு பூட்டியிருக்கான்னு பாரு."

தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சொற்களை இந்தக் குடும்பத்தில் சேர்க்கக் கூடாது. செக் குடியரசின் 'செக்' அந்த மக்களின் இனப்பெயர். எள்ளாட்டும் 'செக்கு' நம்முடைய சொல். பேச்சில் வங்கித் தாளையும் 'செக்கு' என்கிறோம். எழுத்தில் காசோலை என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.