ஆன்டிஜென்: தூண்டியா, இலக்கா?

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்து, கால்மணி நேரத்தில் முடிவு சொன்ன சோதனையால் 'ஆன்டிஜென்' என்ற சொல் வீட்டுப் பேச்சுக்கே வந்துவிட்டது. 'ஆன்டி என்றால் எதிர். அதனால் ஆன்டிஜென் என்றால் உடலுக்கு எதிரி' என்ற விளக்கமும் கூடவே பரவியது. அது தவறு.

இந்தச் சொல்லில் வரும் 'ஆன்டி' ஆன்டிபாடியின் சுருக்கம். அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதம்தான் ஆன்டிபாடி; தமிழில் எதிர்ப்பொருள். ஜெர்மானிய ஆய்வாளர் பால் எர்லிக் 1891இல் 'ஆன்டிகோர்ப்பர்' என்று எழுதினார். 'கோர்ப்பர்' என்றால் உடல். அதைத்தான் ஆங்கிலத்தில் ஆன்டிபாடி ஆக்கினார்கள். 1899இல் ஹங்கேரிய மருத்துவர் லாடிஸ்லாஸ் டாய்ட்ச், பிற்காலத்தில் லாஸ்லோ டெட்ரே என்று அறியப்பட்டவர், பிரெஞ்சுக் கட்டுரை ஒன்றில் 'ஆன்டிஜென்' என்ற பெயரைக் கொண்டுவந்தார். 'ஜென்' கிரேக்க வேர். பிறப்பிப்பது என்று பொருள். ஆக, ஆன்டிபாடியைப் பிறப்பிப்பது எதுவோ அது ஆன்டிஜென். அது கிருமியாகவும் இருக்கலாம், பூவின் மகரந்தமாகவும் இருக்கலாம், பொருந்தாத இரத்தமாகவும் இருக்கலாம்.

தமிழில் இதற்குப் பல சொற்கள் உண்டு. 'பிறபொருளெதிரியாக்கி' இலக்கணப்படி மிகச் சரியானது. ஆனால் ஒரு பத்தியில் நான்கு முறை வந்தால் வாசகர் களைத்துப்போவார். 'உடற்காப்பு ஊக்கி' சத்து மருந்து என்று நினைக்க வைக்கிறது. உடலின் எதிர்ப்பை வலுவாக்க ஆன்டிஜெனோடு கலந்து கொடுக்கும் அட்ஜுவன்ட்டுக்குத்தான் 'ஊக்கி' பொருந்தும். என் தேர்வு 'எதிர்ப்பொருள் தூண்டி', சுருக்கமாகத் 'தூண்டி'. மூலச்சொல்லின் பொருள் அதில் அப்படியே இருக்கிறது.

ஆனால் அறிவியல் அந்த மூலப்பொருளோடு நின்றுவிடவில்லை. இரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர், சின்னஞ்சிறு வேதிப்பொருட்களைப் புரதத்தோடு பிணைத்து விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அந்தச் சிறு மூலக்கூறைத் தனியாகச் செலுத்தினால் ஆன்டிபாடி உருவாவதில்லை. புரதத்தோடு சேர்த்துச் செலுத்தினால் உருவாகிறது; உருவான ஆன்டிபாடி பிறகு அந்தச் சிறு மூலக்கூறைத் தனியாகவே அடையாளம் கண்டு பிடிக்கிறது. 1921இல் இதற்கு அவர் வைத்த பெயர் 'ஹாப்டென்'. பற்றிக்கொள்வது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெனிசிலின் ஒவ்வாமையும் இந்த வழியில்தான் வருகிறது: மருந்து நம் புரதங்களோடு ஒட்டிக்கொண்ட பிறகே உடல் அதைக் கவனிக்கிறது.

ஹாப்டென் பிடிபடும், ஆனால் தூண்டாது. அதைத் 'தூண்டி' என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் இதற்காகவே தூண்டும் பொருளை 'இம்யூனோஜென்' என்று பிரித்து, பிடிபடும் எதையும் ஆன்டிஜென் என்கிறார்கள். நாமும் பிரிப்பதே நல்லது: விலங்குக்குச் செலுத்துவது தூண்டி, ஆன்டிபாடி கடைசியில் போய்ப் பிடிக்கவேண்டியது இலக்கு.

ஆய்வுக்கென்று ஆன்டிபாடி தயாரிக்கும் இடங்களில் இந்தப் பிரிவு வெறும் சொல் விவகாரம் அல்ல. தூண்டியைத் தவறாகத் தேர்ந்தால், அதைச் செலுத்திய முயலிலிருந்து சீரம் (ஆன்டிபாடி உள்ள இரத்த நீர்) எடுக்கக் காத்திருந்த மாதங்கள் வீண். இலக்கு ஒரு பெரிய புரதம் என்றால், பெரும்பாலும் அதில் 10 முதல் 20 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டைத் தேர்ந்து செயற்கையாகச் செய்வார்கள். அந்தத் துண்டு புரதத்தின் வெளிப்புறத்தில், நீரை விரும்பும் பகுதியில் இருக்க வேண்டும். உள்ளே மடிந்து கிடக்கும் பகுதிக்கு எதிராக உருவான ஆன்டிபாடிக்கு முழுப் புரதத்தில் பிடி கிடைக்காது. புரதச் சங்கிலியின் முனைகள் பல சமயம் வெளியே நீண்டிருக்கும் என்பதால் அவற்றை முதலில் பார்ப்பது வழக்கம். மனித உயிரணுக்களில் உள்ள 'சி-மிக்' என்ற புரதத்தின் சி-முனைத் துண்டை (சங்கிலியின் கடைசி முனை) கொண்டு 1980களில் உருவாக்கிய '9இ10' ஆன்டிபாடி, அதில் வெறும் 10 அமினோ அமிலங்களை அடையாளம் காண்கிறது. அந்தப் பத்தை வேறு புரதங்களில் ஒட்டவைத்து, அதே ஆன்டிபாடியால் அவற்றைத் தேடும் வழக்கம் இன்றும் உலகெங்கும் இருக்கிறது.

இவ்வளவு சிறிய துண்டு தனியாகச் சரிவரத் தூண்டாது, அதனால் அதற்கு ஒரு சுமப்பான், அதாவது அதை ஒட்டவைக்க ஒரு பெரிய புரதம் வேண்டும். பெயர்பெற்ற சுமப்பான் கே.எல்.எச்.; கலிஃபோர்னியக் கடலோரத்தில் வாழும் ஒரு நத்தையின், செம்பு கலந்த நீல இரத்தத்திலிருந்து எடுப்பது. மாட்டு இரத்தப் புரதமான அல்புமினையும் பயன்படுத்தலாம். ஆனால் சோதனைத் தட்டுகளிலும் சவ்வுகளிலும் வெற்றிடத்தை அடைக்க அதே அல்புமினைத்தான் ஊற்றுகிறோம். சுமப்பானுக்கு எதிராகவும் ஆன்டிபாடி உருவாகியிருக்கும் என்பதால், இலக்கே இல்லாத இடத்தில் கறை விழும். பிணைக்கும்போது இன்னொரு கண்ணியும் உண்டு. ட்ரிஸ் என்ற தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மை மாறாமல் காப்பது) புரதத்தை வைத்துக்கொண்டே, அதன் அமீன் எனும் நைட்ரஜன் தொகுதி வழியாகப் பிணைக்க முயன்றால், ட்ரிஸ்ஸின் அமீன்களே முந்திக்கொண்டு வினைபுரிந்துவிடும். முதலில் டயாலிசிஸ் செய்து, அதாவது சவ்வு வழியாக ட்ரிஸ்ஸை வெளியேற்றி, கரைசலை மாற்ற வேண்டும்.

விலங்கைத் தேர்வதிலும் இதே கவனம் தேவை. இலக்குப் புரதம் முயலின் சொந்தப் புரதத்தோடு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், முயலின் உடல் அதைத் தன்னுடையதாக எண்ணிச் சும்மா இருந்துவிடும். அப்போது கோழிக்குச் செலுத்தி, முட்டை மஞ்சள்கருவிலிருந்து ஆன்டிபாடி எடுக்கலாம்.

தூண்டியும் இலக்கும் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்ப் பாம்புக்கடி மருந்திலேயே பார்க்கலாம். 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சுதான், இந்தியாவில் அந்த மருந்தைத் தயாரிப்போருக்குப் பெருமளவில் போகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி ஆன்டிபாடி எடுக்கிறார்கள். ஆனால் ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. தமிழ்நாட்டு நஞ்சைத் தூண்டியாக வைத்து உருவான மருந்து, தொலைவான வட்டாரத்துப் பாம்பு கடித்தவரிடம் அதே வலுவோடு வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை. இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உள்ள, மூக்கு மேல்நோக்கித் தூக்கிய குழிவிரியனின் நஞ்சு இந்த நான்கில் சேரவே இல்லை. அது கடித்துச் சிறுநீரகம் பழுதானவருக்கு இந்த மருந்து உதவுவதில்லை. டயாலிசிஸ் போன்ற ஆதரவு சிகிச்சையை நம்பித்தான் மருத்துவர்கள் அவரைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.