கதவின் பின்பக்கம்

எகிப்தில், கூஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்குள் 'அரசியின் அறை' என்று ஓர் அறை இருக்கிறது. அதன் வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் ஒவ்வொரு குழாய்வழி தொடங்குகிறது. அகலமும் உயரமும் சுமார் 20 சென்டிமீட்டர்; பெரியவர் யாரும் நுழைய முடியாது. கட்டியவர்கள் அறைப்பக்கம் இவற்றுக்கு வாயே வைக்கவில்லை. 1872இல் வேமன் டிக்சன் என்ற பொறியாளர் சுவரை உடைத்துத்தான் கண்டுபிடித்தார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ரோபோவை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் தெற்குவழி கிட்டத்தட்ட 40 பாகைச் சாய்வில் மேலேறுகிறது. கல்தூசியில் சக்கரம் வழுக்கும். பின்னால் இழுத்து வரும் கேபிள் ஏற ஏறக் கனக்கும். ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் காண்டன்பிரிங்க் இதற்கு ஒரு வழி கண்டார். குறுகலான இரண்டு சுவர்களுக்கு நடுவே முதுகையும் காலையும் ஊன்றி ஒருவர் ஏறுவதைப் போல, அவருடைய உபுவாட்-2 ரோபோ தரையையும் கூரையையும் ஒருசேர அழுத்திக்கொண்டு ஏறியது. 1993 மார்ச்சில், 60 மீட்டருக்கும் மேலே போனபின், ஒரு சுண்ணாம்புக்கல் வழியை மறித்தது. அதில் இரண்டு செப்பு ஊசிகள் செருகியிருந்தன.

2002இல் இன்னொரு ரோபோ அந்தக் கல்லில் சிறு துளையிட்டு கேமராவை நுழைத்தது. பின்னால் ஒரு சிறிய இடைவெளி, அதன் முடிவில் இன்னொரு கல். நேராக மட்டுமே பார்க்கத் தெரிந்த அந்தக் கேமராவுக்கு அவ்வளவுதான் அகப்பட்டது.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஜெடி' என்ற ரோபோதான் என்னை மிகவும் கவர்ந்தது. கூஃபு அழைத்து வரச் சொன்னதாகப் பழங்கதை சொல்லும் மந்திரவாதியின் பெயர் அது. மழைக்காட்டில் காலில் ஏறும் அட்டை நகர்வதைப் பார்த்திருப்பீர்கள்: பின்முனையை ஒட்டிக்கொண்டு முன்முனையை நீட்டும், பிறகு முன்முனையை ஒட்டிக்கொண்டு பின்முனையை இழுக்கும். ஜெடியும் அப்படித்தான். அதன் ஒரு பாதி சுவர்களை அழுத்திப் பிடித்திருக்க, மறுபாதி நகரும். எப்போதும் ஒரு பாதி பிடியை விடாததால் சறுக்கல் இல்லை. 4500 ஆண்டுப் பழைய கல்லில் கீறல் விழாமல் போவதற்கு இத்தனை பொறுமை வேண்டும்தான்.

ஏற்கெனவே போட்ட துளை வழியாகவே அது 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராவைப் பாம்புபோல நுழைத்தது. இந்தக் கேமரா வளையும், திரும்பிப் பார்க்கும். 2011இல் வெளியான படங்களில், இடைவெளியின் தரையில் செங்காவியால் எழுதிய குறிகள் தெரிந்தன. செப்பு ஊசிகளின் மறுமுனைகள் அழகான சிறு வளையங்களாக வளைந்திருந்தன. வெறும் அடைப்பு என்று நினைத்திருந்த கல்லின் பின்பக்கமோ, எந்த மனிதக் கண்ணுக்கும் எட்டாத அந்த இருட்டில், வழவழவென்று தேய்த்து மெருகிடப்பட்டிருந்தது.