டி4 செல்லும் பாதையும் வழியில் நுழையும் வேதிப்பொருள்களும்

காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, காபிக்காக அரை மணி நேரம் காத்திருக்கும் பெண்களைக் கொங்கு நாட்டின் எந்த ஊரிலும் பார்க்கலாம். அந்த மாத்திரையில் இருப்பது லெவோதைராக்ஸின், அதாவது தைராய்டு சுரப்பி சுரக்கும் டி4 என்ற ஹார்மோன். ஆனால் செல்களுக்குள் சென்று வேலை செய்யும் ஹார்மோன் அதுவன்று. டி4இன் நான்கு அயோடின் அணுக்களில் குறிப்பிட்ட ஒன்றைக் கழற்றிய பிறகு கிடைக்கும் டி3தான் அந்த வேலையைச் செய்கிறது. கழற்றும் பணியோ தொண்டையில் உள்ள சுரப்பியைவிட ஈரல், சிறுநீரகம், தசை, மூளை ஆகியவற்றிலேயே மிகுதியாக நடக்கிறது. ஒரு நாளில் உடலில் உருவாகும் டி3இல் ஏறத்தாழ 80 விழுக்காடு சுரப்பிக்கு வெளியே உருவாவதுதான்.

திருப்பூரில் ஒரு பனியன் உருவாகும் விதத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. நூல் ஓரிடத்தில் வந்து இறங்கி, நிட்டிங் ஓரிடத்திலும் சாயம் ஓரிடத்திலும் காம்பேக்டிங் இன்னோரிடத்திலும் முடிந்து, கட்டிங்கும் தையலும் செக்கிங்கும் கடந்துதான் பெட்டிக்குள் போகிறது. தையல் மெஷின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சாயப்பட்டறை நின்றால் ஆர்டர் நின்றுவிடும். தைராய்டு ஹார்மோனும் இப்படிப் பல இடங்களில் வேலை முடிந்துதான் பயனுக்கு வருகிறது. சூழலில் இருந்து நம் உடலுக்குள் வரும் வேதிப்பொருள்கள் சுரப்பியைச் சிதைப்பது அரிது. அவை இந்தப் பாதையில்தான் குறுக்கிடுகின்றன. பாதை நெடுக நிற்கும் புரதங்கள் தமக்குரிய மூலக்கூறை அதன் உருவத்தையும் அளவையும் மின்னேற்றத்தையும் கொண்டே அடையாளம் காண்பதால், அதே சாயலில் வேறொன்று வந்தால் அதையும் ஏற்றுக்கொண்டுவிடுகின்றன. நடப்பது ஒருவகை ஆள்மாறாட்டம்.

முதல் ஆள்மாறாட்டம் சுரப்பியின் வாசலிலேயே நடக்கிறது. இரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும் அயோடைடை உள்ளே இழுத்துச் சேர்ப்பதற்குத் தைராய்டு செல்லின் சவ்வில் ஒரு கடத்திப் புரதம் உண்டு. ஒற்றை எதிர்மின்னேற்றமும் ஏறத்தாழ அயோடைடின் பருமனும் கொண்ட பெர்குளோரேட், தயோசயனேட், நைட்ரேட் ஆகிய மூன்றும் அந்த இடத்துக்குப் போட்டியிடுகின்றன. இவற்றுள் தயோசயனேட் நம் சமையலறைக்கு மிக நெருக்கமானது.

சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு என்று சொல்லப்படும் மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டும்போதோ நசுக்கும்போதோ அதிலேயே உள்ள ஒரு நொதி லினமாரினைச் சிதைத்து ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடுகிறது. வாடிய இளஞ்சோளப் பயிரில் மாட்டை மேயவிடக் கூடாது என்று நம் விவசாயிகள் காலங்காலமாகச் சொல்லி வருவதும் இதே வகை நஞ்சை அறிந்துதான். உடலுக்குள் வரும் சிறிதளவு சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்து ஈரல் அதைத் தயோசயனேட்டாக மாற்றிவிடுவதால் உயிருக்கு ஆபத்து நீங்குகிறது. ஆனால் அந்தத் தயோசயனேட் சில நாட்கள் இரத்தத்தில் தங்கி, அயோடைடோடு போட்டியிடுகிறது. சிகரெட் புகையில் உள்ள சயனைடும் இதே வழியில்தான் செல்கிறது.

ராசிபுரம் பக்கத்து வீடுகளில் கிழங்கை அவிக்கும் முறையைக் கவனித்தால் இந்த வேதியியலுக்கான விடை அங்கேயே இருப்பது தெரியும். வெளியே உள்ள பழுப்புத் தோலோடு, அதற்கடியில் இளஞ்சிவப்பாக ஒட்டியிருக்கும் தடித்த தோலையும் கத்தியால் நெம்பி உரித்துவிடுகிறார்கள். நஞ்சு கூடுதலாக இருப்பது அந்தத் தோலில்தான். பிறகு துண்டுகளைக் கழுவி, மூடாத பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்கள். லினமாரின் நீரில் கரைந்து வெளியேறுகிறது. ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை 26 டிகிரி செல்சியஸ்தான் என்பதால் அது ஆவியாகப் போய்விடுகிறது.

சரியாகப் பதப்படுத்தாத மரவள்ளியே அன்றாட உணவாகவும், அயோடின் மிகக் குறைவாகவும் இருந்த காங்கோவின் சில பகுதிகளில் 1970களில் ஆய்வு செய்த டெலாஞ்ச், எர்மான்ஸ் ஆகிய பெல்ஜிய மருத்துவர்கள், தைராய்டு சுரப்பி வீங்கும் கழலை நோயைத் தீர்மானிப்பது தயோசயனேட்டின் அளவு மட்டுமன்று, அயோடினுக்கும் அதற்கும் உள்ள விகிதம் என்று கண்டார்கள். சிறுநீரில் ஒரு மில்லிகிராம் தயோசயனேட்டுக்கு அயோடின் சுமார் 3 மைக்ரோகிராமுக்குக் கீழே போகும்போதுதான் கழலை ஊர் முழுதும் பரவியது. அயோடின் கலந்த உப்பை உண்ணும் ஒருவர், நன்கு வடித்த குச்சிக்கிழங்கைத் தின்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

நைட்ரேட் இம்மூன்றில் மிக வலுக்குறைந்தது. செல்களில் அளந்து பார்த்தபோது அதைவிடப் பெர்குளோரேட் சுமார் 240 மடங்கு வலிமையோடு கடத்தியை அடைத்தது. ஆனால் பெர்குளோரேட்டை மைக்ரோகிராமில் பேசுகிறோம், நைட்ரேட்டை மில்லிகிராமில் பேசுகிறோம். யூரியாவும் சாணமும் கழிவுநீரும் இறங்கிய நிலத்தின் கிணற்று நீரில், குடிநீருக்கான இந்தியத் தர வரம்பாகிய லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், வாசலை அடைக்கும் திறனில் மட்டும் அது ஏறக்குறைய 300 மைக்ரோகிராம் பெர்குளோரேட்டுக்குச் சமம். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றைப் பற்றிய பேச்சில் எல்லா நோய்களையும் சாயப்பட்டறை உப்பின் மேல் ஏற்றுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த உப்பு மண்ணையும் தென்னையையும் கெடுத்தது உண்மை. ஆயினும் அதிலுள்ள குளோரைடு அயோடைடைவிடச் சிறியது, இந்தக் கடத்தி அதை ஏற்பதில்லை. எந்தப் பொருள் எந்த இடத்தில் கெடுக்கிறது என்று பிரித்துப் பார்க்காவிட்டால் உண்மையான காரணம் நம் கண்ணில் படாமலேயே போய்விடும்.

உள்ளே சேர்ந்த அயோடைடைப் புரதத்தோடு இணைத்து ஹார்மோனாக்குவது தைராய்டு பெராக்ஸிடேஸ் என்ற நொதி. தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்கு மருத்துவர் தரும் கார்பிமசோல் அடக்குவது இதைத்தான். இதே வகையில் அடக்கும் இன்னொரு பொருள் எத்திலீன்தயோயூரியா. அது மான்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லி சிதைவதால் உண்டாகிறது. ஈரோட்டு மஞ்சள் வயலில் இலைப்புள்ளி தென்பட்டால் லிட்டருக்கு 2.5 கிராம் என்று கரைத்துத் தெளிக்கும் அந்த மஞ்சள் நிற மருந்துத் தூளை அறியாத விவசாயி இல்லை. தெளித்த காயைக் கழுவாமல் சமைத்தால் எஞ்சியுள்ள மருந்து சூட்டில் எத்திலீன்தயோயூரியாவாக மாறுவது கூடுகிறது. தின்பவரைவிட, முதுகில் கட்டிய தெளிப்பானோடு வரப்பில் நடப்பவருக்கே இது அதிகம் சேர்கிறது. மெக்சிகோவில் அப்படித் தெளித்தவர்களைச் சோதித்து 1997இல் வெளியான ஆய்வில், சுரப்பியைத் தூண்டும் டி.எஸ்.எச். அவர்களுக்கு உயர்ந்திருந்தது, டி4 குறைந்திருக்கவில்லை. சுரப்பி கூடுதலாக உழைத்து ஈடுகட்டிக்கொண்டிருந்தது என்பதே அதன் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் மான்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது.

சுரப்பியை விட்டுப் புறப்படும் டி4 தனியாகப் பயணிப்பதில்லை. பத்தாயிரம் மூலக்கூறுகளில் இரண்டு மூன்று மட்டுமே கட்டற்று மிதக்க, மற்றவை புரதங்களைப் பற்றிக்கொண்டு செல்கின்றன. அவற்றுள் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் மூளையைச் சூழ்ந்த நீரில் முதன்மையான சுமப்பான். வளையத்தைச் சுற்றி ஐந்து குளோரின் அணுக்களைக் கொண்ட பென்டாகுளோரோபீனால், அயோடின் சூழ்ந்த டி4இன் வளையத்தைப் போலவே அந்தப் புரதத்தின் குழிக்குள் பொருந்தி, டி4ஐவிடவும் இறுக்கமாக உட்கார்ந்துவிடுகிறது. இந்தப் பொருள் நெசவுக்கு அந்நியமன்று. பாவு நூலுக்கு மாவுக்கஞ்சி போட்டால் அதில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், கஞ்சியிலும் கப்பலேறும் துணியிலும் இது உலகெங்கும் சேர்க்கப்பட்டு வந்தது. ஜெர்மனி 1989இல் தடை செய்த பிறகு, ஏற்றுமதித் துணிக்கான சோதனைப் பட்டியல்களில் இதன் பெயர் நிலைத்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த பி.சி.பி.க்களும் உடலில் சற்று மாற்றமடைந்த பிறகு இதே குழியைத்தான் நாடுகின்றன.

டி4ஐ டி3ஆக மாற்றும் இடத்துக்கு வருவோம். அயோடினைக் கழற்றும் நொதிகள் மூன்று. மூன்றிலும் செலினியம் உண்டு. ஒன்று ஈரலிலும் சிறுநீரகத்திலும் பணியாற்றுகிறது. இன்னொன்று மூளையிலும் அதன் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலும் அந்தந்த இடத்துத் தேவைக்கு டி3 செய்கிறது. மூன்றாவது வேறோர் அயோடினைக் கழற்றி ஹார்மோனைச் செயலிழக்கச் செய்கிறது. முதல் நொதியின் வேலையைத் தடுக்கும் ஒரு பொருள் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கேக்கின் மேல் செர்ரி என்று வைக்கப்படும் பழம் பல நேரங்களில் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய். அதற்குச் சிவப்பேற்றப் பயன்படும் எரித்ரோசின் என்ற நிறமியின் மூலக்கூறிலும், டி4இல் இருப்பதைப் போலவே, நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. உறையில் 127 என்ற எண் இருந்தால் அது இதுதான். மிகுந்த அளவில் ஊட்டிய எலிகளில் டி3 குறைந்து, டி.எஸ்.எச். ஏறி, ஆண் எலிகளுக்குத் தைராய்டில் கட்டிகள் தோன்றின. அமெரிக்கா 2025 ஜனவரியில் உணவில் இதற்கிருந்த அனுமதியை நீக்கியது. இந்தியாவில் அனுமதி உள்ளது.

எலியின் கணக்கை அப்படியே மனிதனுக்கு எழுதிவிட முடியாது. மனித இரத்தத்தில் டி4ஐ மிக இறுகப் பிடித்துவைக்கும் குளோபுலின் என்ற புரதம் வளர்ந்த எலியில் மிகக் குறைவு என்பதால், எலியில் டி4 ஒரு நாளுக்குள் பாதியாகிறது, நமக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. ஈரல் வழியாக நடக்கும் வெளியேற்றத்திலும் இந்த வேறுபாடு முக்கியமானது. டையாக்ஸின், பி.சி.பி. போன்றவை வரும்போது ஈரல் அவற்றைக் கழிப்பதற்காகத் தன் நொதிகளைப் பெருக்கிக்கொள்கிறது. அந்நொதிகள் டி4ஐயும் சர்க்கரை அமிலத்தோடு கோத்துப் பித்தநீரில் அனுப்பிவிடுகின்றன. இதில் எலியின் சுரப்பி விரைவில் களைத்துவிடும். மனிதனின் சுரப்பி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்.

தாங்க முடியாத காலம் ஒன்று உண்டு. கருவின் தைராய்டு சுமார் 12 வாரத்தில்தான் தொடங்கி, 20 வாரத்தையொட்டியே போதிய அளவு சுரக்கிறது. அதுவரை அதன் மூளை தாயின் டி4ஐத்தான் வாங்கி, தன் இடத்திலேயே டி3ஆக மாற்றிக்கொள்கிறது. தாய்க்கு அப்போது நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராமில் இருந்து 250 ஆகிறது. கிணற்று நைட்ரேட்டும், வீட்டில் பிறர் விடும் புகையும், வயலில் தெளித்த மருந்தும் தனித்தனியே சிறியனவாக இருந்தாலும் ஒரே பாதையின் வெவ்வேறு இடங்களில் ஒரே நேரத்தில் குறுக்கிட்டால், ஈடுகட்டுவதற்கு அந்தப் பெண்ணிடம் மிச்சம் அதிகம் இராது. குழந்தை பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்க்கும் மருத்துவமனைகள் உண்டு. அந்தச் சோதனை குழந்தையின் சுரப்பி வேலை செய்கிறதா என்று சொல்லும். தாயின் டி4ஐ மட்டுமே நம்பியிருந்த முதல் ஐந்து மாதங்களில் என்ன கிடைத்தது என்பதை அது சொல்லாது. அதை அறிய, கருவுற்றது தெரிந்த முதல் வாரங்களிலேயே தாயின் இரத்தத்தில் டி.எஸ்.எச்.ஐயும் கட்டற்ற டி4ஐயும் பார்க்க வேண்டும்.