வெர்மீரின் தூரிகை நடந்த வழி

பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யோஹன்னஸ் வெர்மீர் தம் தொழில்முறை பற்றி ஒரு குறிப்பையும் விட்டுச்செல்லவில்லை. அவர் கைப்பட வரைந்த முன்வரைவு என்று சொல்லத்தக்க தாள் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே 1665ஆம் ஆண்டளவில் அவர் தீட்டிய ‘முத்துத் தோடணிந்த பெண்’ எவ்வாறு உருவானது என்பதற்கு அந்த ஓவியம் மட்டுமே சாட்சி. 1881இல் நெதர்லாந்தின் ஹேக் நகர ஏலமொன்றில் இரண்டு கில்டர் (அந்நாட்டின் பழைய நாணயம்) சொச்சத்துக்கு விலைபோன அதனை, அதே நகரின் மாவுரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகம் 2018இல் கண்ணாடி அறைக்குள் வைத்து, பார்வையாளர்களின் கண்முன்னேயே ஆய்வுக்கு உட்படுத்தியது.

முதன்மையான கருவி எக்ஸ் கதிர் ஒளிர்வு அளவி. வண்ணத்தின் மீது எக்ஸ் கதிர் படும்போது, அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியேற, அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று இறங்கிவரும். அப்போது அது விடுக்கும் கதிரின் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறுபடும். ஈயம் தெரிந்தால் ஈய வெள்ளை, பாதரசம் தெரிந்தால், சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்குப் பழகிய சாதிலிங்கம் என்ற சிவப்பு. ஓவியம் முழுவதையும் புள்ளி புள்ளியாக இவ்வாறு அளந்தால், ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனியாக ஒரு வரைபடம் கிடைத்துவிடும். கரியின் சுவடு இதில் அகப்படாது. அதற்கு அகச்சிவப்புக் கதிர் வேண்டும். மேல் வண்ணங்களை ஊடுருவிச் செல்லும் அக்கதிரைக் கரி உறிஞ்சிக்கொள்வதால், அடியில் உள்ள கறுப்புக் கோடுகள் நிழலாகத் தெரியவரும்.

இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது வேலையின் வரிசை புலப்பட்டது. வெர்மீர் பழுப்பாலும் கறுப்பாலும் அடித்தளம் இட்டு, பின்னணியையும் முகத்தையும் முடித்து, அதன்பின் மஞ்சள் மேலாடை, வெள்ளைக் கழுத்துப்பட்டி, தலைத்துணி, முத்து என்று பின்னிருந்து முன்னோக்கி நகர்ந்திருக்கிறார். இடையில் மனம் மாறியிருப்பதும் தெரிகிறது: காது, தலைத்துணியின் மேல்விளிம்பு, பின்கழுத்து ஆகியவற்றை இடம் மாற்றியிருக்கிறார். அவளுக்கு இமைமயிர் இல்லை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. மெல்லிய மயிர்களை அவர் தீட்டித்தான் இருந்தார்.

எனக்கு எல்லாவற்றிலும் வியப்பளிப்பது பின்னணிதான். இன்று வெறும் இருளாகத் தோன்றும் அவ்விடத்தில் முன்பு மடிப்புகளுடன் ஒரு பச்சைத் திரை தொங்கியது. அவுரி நீலத்தையும், வெல்ட் என்ற செடியின் மஞ்சள் சாயத்தையும் கலந்து மெல்லிய பூச்சாக அவர் அதனைத் தீட்டியிருந்தார். இரண்டும் தாவரச் சாயங்களாதலால் காலப்போக்கில் வெளிறிச் சிதைந்தன. பச்சை போனது, மடிப்பும் போனது. வெறுமையின் நடுவே ஒளிரும் முகம் என்று நாம் வியக்கும் அந்த அழகில் ஒரு பகுதி, சாயம் வெளுத்ததால் வந்தது.

முத்து என்று நாம் காண்பதோ, ஒளிபுகும் பூச்சும் ஈய வெள்ளைத் தீற்றல்களும்தான். அதனைக் காதில் மாட்டும் கொக்கியை வெர்மீர் வரையவேயில்லை.