கட்டளை அதேதான், ஓட்டுபவர் வேறு

மட்டக்களப்பில் ஒரு சின்ன வாசிகசாலைக்கு, பழைய பத்திரிகைப் படங்களைத் தமிழ் எழுத்தாக மாற்றும் இணையப் பக்கம் ஒன்றைச் செய்து கொடுத்தோம். பொத்தானை அழுத்தினால் சேர்வரிலுள்ள பிஎச்பி மொழி ஸ்கிரிப்ட், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளை ஓட்ட வேண்டும். கட்டளைகளை நேரே தட்டச்சிடும் டெர்மினலில் அடித்தால் அழகாக ஓடியது. பக்கத்தில் அழுத்தினால் விடைப்பெட்டி வெறுமையாகவே இருந்தது. பிழைச்செய்தி கூட இல்லை.

லினக்ஸில் ஒரு கட்டளை பேசுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. விடை 1ஆம் வழியில் வரும், முறைப்பாடு 2ஆம் வழியில் போகும். பிஎச்பியிலிருந்து கட்டளையை ஓட்டும் ஷெல் எக்ஸெக் 1ஆம் வழியை மட்டும்தான் கேட்கும். கட்டளையின் கடைசியில் 2>&1 சேர்த்தால் முறைப்பாடும் விடையோடு வந்துவிடும். வேறெதையும் திருத்துவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். கட்டளை முடியும்போது தரும் எண்ணையும் பாருங்கள்.

எங்களுக்கு வந்தது 127. அந்தப் பெயரில் நிரல் எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். டெர்மினலில் இருப்பது நீங்கள். உபுண்டு லினக்ஸில், பக்கத்தை வழங்கும் சேர்வரான அப்பாச்சி ஓடுவதோ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற வேறொரு பயனராக. "சீனிப் போத்தலை எடு" என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளை குசினிக்குள் நேரே போய் எடுத்துவரும். இன்றைக்குத்தான் வந்த ஒருவர் எங்கே தேடுவார்? நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலான 'பாத்', உங்கள் கணக்கில் நீங்கள் செய்துவைத்த அமைப்பு. சேர்வர் அதை வாசிப்பதே இல்லை. ஆகவே நிரலின் முழு முகவரியையும் எழுத வேண்டும்.

எழுதினோம். இப்போது 126. நிரல் இருக்கிறது, ஆனால் ஓட்ட அனுமதி இல்லை. டெசராக்டை எங்கள் வீட்டு அடைவுக்குள், அதாவது எங்கள் கணக்குக்கான ஃபோல்டருக்குள், நிறுவியிருந்தோம். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் வீட்டு அடைவுகளுக்குள் மற்றப் பயனர்கள் நுழைய முடியாது. நிரலுக்கு மட்டும் அனுமதி கொடுத்துப் பயனில்லை, போகும் வழியிலுள்ள ஒவ்வொரு அடைவும் திறந்திருக்க வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 777 என்ற முழு அனுமதி எண்ணைப் போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், அது யாரும் எதையும் மாற்றலாம் என்று கதவைக் கழற்றி வைப்பது. நிரலைப் பொது இடத்தில் நிறுவினோம், சரியாகிவிட்டது.

அப்புறம் வந்ததுதான் தமிழருக்கென்றே இருக்கும் சிக்கல். 'மீன்பாடும் தேன்நாடு' என்று பெயரிட்ட படத்தைக் காணவில்லை என்றது. கோப்புப் பெயரைப் பாதுகாப்பாக மேற்கோளுக்குள் வைக்கும் எஸ்கேப்ஷெல்ஆர்க், சேர்வரின் மொழியமைப்பு (லொகேல்) 'சி' என்ற அடிப்படை அமைப்பாக இருந்தால் தமிழ் எழுத்துகளை ஓசையில்லாமல் உதிர்த்துவிடுகிறது. அதற்காக அதைத் தூக்கிவிடாதீர்கள். வெளியாள் ஒருவர் கோப்புப் பெயருக்குள் ஒரு கட்டளையை ஒளித்து அனுப்புவதைத் தடுப்பது அதுதான். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் செட்லொகேல் மூலம், தமிழ் எழுத்தையும் அறிந்த யூடிஎஃப்-8 மொழியமைப்பு ஒன்றைக் கொடுத்தோம். சேர்வரில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் ஒன்றாக அது இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் நாங்கள் வேறொரு பயனராக ஓட்ட உதவும் சூடோ கட்டளை மூலம் அப்பாச்சியின் பயனராகவே மாறி, 'பாத்' போன்ற சூழல் மாறிகளையும் வெறுமையாக்கிவிட்டுத்தான் டெர்மினலில் கட்டளையைச் சோதிக்கிறோம். பக்கத்தில் வரப்போகும் பிழை அங்கேயே வந்துவிடுகிறது.