‘நிழல் தடை’: யார் போட்ட தடை?

அரசாணை இல்லை, நீதிமன்ற உத்தரவு இல்லை, ஆனால் தியேட்டரில் படமும் இல்லை. இப்படி ஒரு நிலை வந்துவிட்டால் போதும், யூடியூப் தலைப்பிலும் அவசர மொழிபெயர்ப்புச் செய்தியிலும் ‘படத்துக்கு நிழல் தடை’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஷேடோ பேன்’ (shadow ban) என்ற ஆங்கில இணையச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வேலை இது. அழகாக ஒலிக்கிறது. பொருள்தான் ஓரிடத்திலும் ஒட்டவில்லை.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். கொடு–கொடை, உடு–உடை போலத் தடு–தடை. பழைய உரைகளில் ‘தடை விடை’ என்று வரும். அங்கே தடை என்பது எதிராளி எழுப்பும் மறுப்பு. அந்தப் பொருள் இன்றும் சாகவில்லை. அலுவலகத்தில் கேட்கும் ‘தடையில்லாச் சான்று’ அதே மறுப்பைத்தான் சொல்கிறது. ஆங்கிலத்தின் ‘பேன்’ வேறு வழியில் வந்தது. பழைய ஜெர்மானிய மொழிகளில் அது ஊரறிய அறிவித்தல், அறிவித்து ஆணையிடுதல். தேவாலயத்தில் திருமண ஓலை வாசிப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆக, அறிவிப்பு இல்லாத ‘பேன்’ ஆங்கிலத்திலேயே முரண். அந்த முரணைத்தான் நாம் தமிழுக்கு இறக்குமதி செய்திருக்கிறோம்.

தமிழில் ‘தடை’ என்ற ஒரே சொல் முதுகில் குறைந்தது நான்கு சுமை ஏற்கெனவே இருக்கிறது. தணிக்கை வாரியம் சான்று தர மறுப்பது ஒன்று. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி சான்று இல்லாமல் பொதுவில் திரையிட முடியாது என்பதால் அதன் விளைவு தடை போலத் தெரியும். ஆனால் அது சான்று மறுப்பு. கொடுத்த சான்றை நீதிமன்றம் ரத்து செய்வது இன்னொன்று. இடஒதுக்கீட்டைப் பேசிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்கு அதுதான் நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சான்றை ரத்து செய்தது; 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது, வழக்கு முடியும்வரை நீதிமன்றம் போடும் இடைக்காலத் தடை. நான்காவதுதான் உண்மையில் அரசு போடும் தடை.

அந்த நான்காவதிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவு (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 163-ஆவது பிரிவு). 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்துக்கு மாவட்ட ஆட்சியர்கள் இதன்படிதான் 15 நாள் உத்தரவு போட்டார்கள். தனி நீதிபதி 29-ஆம் தேதி இரவு அதை விலக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்த விலக்கை நிறுத்திவைத்தது. எதிர்ப்புத் தெரிவித்த முஸ்லிம் அமைப்புகளோடு பேசிச் சில காட்சிகளில் ஒலியை நீக்கக் கமல்ஹாசன் ஒப்புக்கொண்ட பிறகு, பிப்ரவரி 7-இல் தமிழ்நாட்டில் படம் வந்தது. மற்றொரு வழி மாநிலங்களின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டங்கள். 2023 மே 8-ஆம் தேதி ‘தி கேரளா ஸ்டோரி’ படத்தை மேற்கு வங்கம் நிறுத்தியது 1954-ஆம் ஆண்டின் தன் சட்டத்தைக் கொண்டு. இந்த இரண்டு வழியிலும் ஒரு தாள் இருக்கிறது. அதில் பிரிவு எண், கையெழுத்து, எந்த எல்லைக்குள், எத்தனை நாள் எல்லாம் இருக்கும். தாள் இருப்பதால்தான் நீதிமன்றத்துக்குப் போக முடிகிறது. மேற்கு வங்கத்தின் உத்தரவை மே 18-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது அப்படித்தான்.

அதே படத்துக்கு அதே வாரம் தமிழ்நாட்டில் நடந்தது வேறு. மே 5-இல் வெளியானது; 7-ஆம் தேதி முதல் மல்டிபிளெக்ஸ்கள் காட்சியை நிறுத்திவிட்டன. சட்டம் ஒழுங்கும் சரியில்லை, கூட்டமும் இல்லை என்றது தியேட்டர் தரப்பு. நாங்கள் தடையே போடவில்லை, பாதுகாப்புக் கொடுத்தோம் என்றது மாநில அரசு. நடைமுறையில் இது தடைதான் என்றது தயாரிப்புத் தரப்பு. தடை இல்லை என்ற அரசின் கூற்றைப் பதிவு செய்துகொண்ட உச்ச நீதிமன்றம், திரையிடும் அரங்குகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது. இந்த இடத்துக்குத்தான் ‘நிழல் தடை’ வந்து உட்காருகிறது.

‘ஷேடோ பேன்’ இணைய உரையாடல் தளங்களில் பிறந்த சொல். ஒருவர் பதிவு போடுவார். அவர் கண்ணுக்கு அது தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. தடுக்கப்பட்டவருக்கே தெரியாமல் இருப்பதுதான் அதன் உயிர்நாடி. படத் தயாரிப்பாளருக்கோ முதல் காட்சி ரத்தான பத்தாவது நிமிடத்தில் விநியோகஸ்தரிடமிருந்து போன் வந்துவிடும். அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: யார் சொல்லி நிறுத்தினார்கள் என்பது. அதை விட்டுவிட்டு நிழலைப் பிடித்துக்கொண்டு என்ன பயன்?

தமிழில் நிழலுக்கு இருக்கும் பொருளும் இடிக்கிறது. குடை நிழல், அடி நிழல் என்று நம் மரபில் நிழல் புகலிடம். ‘பலகுடை நீழலும் தங்குடைக்கீழ்க் காண்பர்’ என்று உழவரைப் பாடுகிறது குறள். ‘நிழற்படம்’ என்றால் புகைப்படம். சினிமாச் செய்தியில் ‘நிழல் தடை’ என்று படித்தவர், படமெடுக்கவே தடையோ என்று நினைத்தால் குற்றம் அவருடையதில்லை. ‘நிழல் அமைச்சரவை’யில் அந்த அடை எதிர்க்கட்சியின் இணை அமைப்பைக் குறிக்கிறது; அதே வாய்பாட்டில் இதைப் படித்தால் எதிர்க்கட்சி போட்ட தடை என்றாகும்! ‘நிழல் உலகம்’ நிலைத்துவிட்டதே என்பார்கள். நிலைத்தது உண்மை. தாதா படங்கள் பல ஆண்டு உழைத்து நிலைக்க வைத்தன. அதற்காக எல்லா ‘ஷேடோ’வையும் நிழலாக்க அனுமதிச் சீட்டு கிடைத்துவிடவில்லை.

‘மறைமுகத் தடை’ என்பது இதைவிடத் தேவலாம். ஆனால் மறைமுகம் என்பது நேரடியின் எதிர்ச்சொல். மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் போல. அரசு தியேட்டர்காரரை நெருக்கி, அவர் கையால் நிறுத்த வைத்தது என்று காட்ட முடிந்தால் அந்தச் சொல் பொருந்தும். காட்ட முடியாதபோது அது செய்தி அல்ல, குற்றச்சாட்டு. ‘அறிவிக்கப்படாத தடை’ இன்னும் தெளிவு. ‘அறிவிக்கப்படாத மின்வெட்டு’ என்று படித்துப் பழகிய தமிழருக்கு விளக்கவே வேண்டாம். எனினும் மின்வெட்டில் வெட்டியது யார் என்பதில் சந்தேகம் கிடையாது. இங்கே அதுதான் கேள்வியே. ஆகவே இதையும் யாராவது ஒருவர் வாயில் வைத்துத்தான் எழுத வேண்டும்: அறிவிக்கப்படாத தடை என்கிறது தயாரிப்புத் தரப்பு.

நடந்ததை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘திரையிடல் நிறுத்தம்’ போதும். தொழிலில் இருப்பவர்கள் ‘படத்தைத் தூக்கிட்டாங்க’ என்கிறார்கள்; அந்தச் சொல்லிலும் பழி யார் மேலும் விழவில்லை.

சொல்லைத் தேர்வதிலேயே கட்சி கட்டுவதுதான் இதன் உள்நோய். 2018 ஜனவரியில் ‘பத்மாவத்’ படத்தை மாநிலங்கள் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மல்டிபிளெக்ஸ்கள் படத்தைப் போடாமல் இருந்தன. அங்கேயும் தாள் இல்லை, படம் இல்லை. நிலை ஒன்றுதான். ஆட்சியில் இருப்பது யார் என்று பார்த்துவிட்டு ஓரிடத்தில் ‘மக்கள் உணர்வு’ என்றும், இன்னோரிடத்தில் ‘தடை’ என்றும், பிடிக்காத படமென்றால் ‘மக்கள் புறக்கணிப்பு’ என்றும் எழுதுவது சார்பு. டிக்கெட் விற்கவில்லை என்பதற்கும் புறக்கணித்தார்கள் என்பதற்கும் நடுவே ஓர் இயக்கமே இருக்க வேண்டும், யாரும் கேட்பதில்லை.

இலக்கணமும் இதற்குத் துணைபோகிறது. ‘தடை செய்யப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையில் எழுதிவிட்டால் செய்தவரைச் சொல்ல வேண்டியதில்லை. ‘தடை கோரி வழக்கு’ என்பதைச் சுருக்கி ‘படத்துக்குத் தடை?’ என்று கேள்விக்குறி போட்டால் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. ‘சர்ச்சைக்குரிய படம்’ என்பதையும் கொஞ்சம் பாருங்கள். வடமொழியில் சர்ச்சை என்றால் வெறும் விவாதம். நாம் அதைச் சச்சரவாக்கினோம், பரவாயில்லை. ‘உரிய’ என்று சேர்த்ததும் சச்சரவு படத்துக்கே சொந்தமாகிவிடுகிறது, கிளப்பியவர்கள் கழன்றுகொள்கிறார்கள். ‘சர்ச்சை எழுந்த படம்’ என்றால் ஓர் எழுத்துகூடக் கூடுதலாகாது.

இதில் எதிலும் சேராமல் வேறு காரணத்தால் நிற்கும் படங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். இன்று படம் தியேட்டருக்குப் பூட்டிய டிஜிட்டல் கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் கேடிஎம் என்ற சாவி குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட தேதி நேரத்துக்கு மட்டும் செல்லும். பைனான்ஸ் பாக்கி தீரவில்லை என்றால் சாவி வெளியே வராது. காலைக் காட்சி ரத்தாகும், சில சமயம் மாலைக்குள் சரியாகிவிடும். படத்தில் அரசியல் வசனம் இரண்டு இருந்தால் அன்று மதியத்துக்குள் ‘நிழல் தடை’ காணொளி தயார். எழுதுகிறவர் கேட்க வேண்டியது: உத்தரவு இருக்கிறதா, யார் கையெழுத்து, எந்தப் பிரிவு, எத்தனை நாள்? நான்குக்கும் இல்லை என்று பதில் வந்தால், அடுத்த போன் விநியோகஸ்தருக்கு: கேடிஎம் வந்ததா?